தார்ப்பாயைச் சுருட்டியவர்கள்: டெல்லுரைட் நாட்குறிப்பு

புதன்கிழமை

கொலராடோ மாநிலத்தின் டெல்லுரைட் ஊரில் நடக்கும் புளூகிராஸ் இசைவிழாவுக்குப் போகும் வழியில், மோனார்க் கணவாயின் 11,312 அடி உயரத்தை எங்கள் வண்டி திணறித் திணறி எட்டியபோது, பின்னிருக்கையில் பேஞ்சோப் பெட்டியை மடியில் வைத்திருந்த நண்பர், இந்த ஆண்டு மேடையில் டிரம்ஸைக் கண்டால் அந்த நிமிடமே எழுந்து கூடாரத்துக்குப் போய்விடப் போவதாக அறிவித்தார். முன்னிருக்கையில் இருந்த அவருடைய தந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமாகப் போ. உன் நாற்காலியில் நான் காலை நீட்டிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

டென்வரிலிருந்து டெல்லுரைடுக்கு ஏறத்தாழ 330 மைல். கன்னிசன், மாண்ட்ரோஸ், ரிட்ஜ்வே வழியாக ஏழு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். வழியில் ஆப்பிள் பை கிடைக்கும் கடை எதையும் பெரியவர் விட்டுவைக்காததால் எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. நண்பர் என்னுடன் பணிபுரிபவர். தந்தையும் மகனும் நார்த் கரோலினாக்காரர்கள். அந்த மாநிலத்தில் பிறந்தவர்களுக்குப் புளூகிராஸ் என்பது வீட்டுச் சமையலைப் போன்றது. எது சரி, எது தவறு என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே எழுவதில்லை.

அந்த இசையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கென்டக்கி மாநிலத்தின் ரோஸின் என்னும் சிற்றூரில் 1911-இல் பிறந்த பில் மன்ரோ என்ற மாண்டலின் கலைஞர் 1930-களின் இறுதியில் அமைத்த குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். அந்தப் பெயரே பின்னாளில் இசைவகையின் பெயராக நிலைத்தது. 1945-ஆம் ஆண்டின் இறுதியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் பேஞ்சோவை மீட்டிக்கொண்டு அக்குழுவில் சேர்ந்தபோது இன்று நாம் கேட்கும் வடிவம் உறுதிப்பட்டது. கிடார், பேஞ்சோ, மாண்டலின், ஃபிடில், ஆளுயர டபுள் பேஸ் ஆகிய எல்லாமே மின்சாரம் கலவாத தந்திக் கருவிகள். தாளக் கருவி கிடையாது. டபுள் பேஸ் ஒன்றாவது, மூன்றாவது எண்ணிக்கைகளில் அடியெடுத்து வைக்க, மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் தந்திகளை வெட்டியதுபோல் அடித்து நிறுத்துகிறது. இந்த வெட்டு அடியை அவர்கள் 'சாப்' என்கிறார்கள். நண்பரின் டிரம்ஸ் வெறுப்புக்கும் இதுவே காரணம். டிரம்ஸ் வந்தால் மாண்டலினுக்கு வேலை போய்விடும் என்று அவர் சொன்னபோது, அது வெறும் பழமைப் பற்று அல்ல, ஒரு தொழிலாளியின் வாதம் என்று எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை

டெல்லுரைட் 8,750 அடி உயரத்தில், மூன்று பக்கமும் மலைகள் அடைத்துக்கொண்ட ஒரு பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிறது. வெள்ளிச் சுரங்கங்களுக்காக எழுந்த ஊர். புட்ச் காஸிடி தன் முதல் வங்கிக் கொள்ளையை 1889 ஜூன் 24 அன்று நடத்தியதும் இங்கேதான் என்பதை ஊர்க்காரர்கள் சற்றுப் பெருமையோடே சொல்கிறார்கள். கோடை நாட்களின் உச்சத்தில், ஜூன் மூன்றாம் வாரத்தில், நான்கு நாட்கள் நடக்கும் இந்தப் புளூகிராஸ் விழா 1974-இல் தொடங்கியது.

விழாவின் முதல் நிகழ்ச்சி மேடையில் நடப்பதில்லை, தரையில் நடக்கிறது. இரவெல்லாம் வரிசையில் காத்திருந்தவர்கள், காலையில் வாயில் திறந்ததும் சுருட்டிய தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையை நோக்கி ஓடுகிறார்கள். முந்தி விரித்தவருக்கு அந்த இடம் சொந்தம். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம், வந்து கேட்டால் எழுந்துவிட வேண்டும் என்பது இங்குள்ள மரபு. துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலையில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்ற நம்பிக்கையோடு ஓடிய நான், அந்த உயரத்தில் இருபதாவது அடியிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டேன். எங்கள் தார்ப்பாயை நண்பர்தான் விரித்தார். மேடைக்கு நேராக, ஒன்பதாவது பத்தாவது வரிசை இருக்கும்.

பகல் நிகழ்ச்சிகளுள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஒரு பெண் செல்லோ என்ற பெரிய வயலினுடன் தனியே வந்தார். காலடியில் இருந்த சிறு கருவியின் விசையை மிதித்து, தான் வாசித்த நான்கு சுரங்களை அப்போதே பதிவுசெய்து சுழலவிட்டு, அதன்மேல் இன்னொரு வரி, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஐந்து செல்லோக்களின் நடுவே நின்று பாடினார். செல்லோ புளூகிராஸ் கருவி அன்று. சுழல்பதிவும் அந்த மரபுக்கு உரியதன்று. ஆயினும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எட்கர் மேயர் வில்லும் டபுள் பேஸுமாக இம்மேடையில் பல ஆண்டுகளாக வாசித்துப் பழக்கியிருப்பதால் அந்தக் கனத்த நாதம் இவர்கள் காதுக்குப் புதிதல்ல என்று பெரியவர் விளக்கினார். நண்பரும் கைதட்டியதை நான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை

இரவு ஒன்பது மணிக்குமேல், மலைகளின் விளிம்பில் கடைசி வெளிச்சம் போன பிறகு, திரை இல்லாத அந்த மேடையில் இரண்டு சின்தசைசர்களையும் ஒரு முழு டிரம்ஸ் செட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குழுவின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள், சண்டை அவர்களைப் பற்றியதும் அன்று. மின்சார பேஸ், பாடும் பெண், விசைப்பலகைகளுக்குப் பின்னால் ஒருவர், டிரம்ஸ் வாசிப்பவர் ஆகியோரோடு, விழாவின் பெயருக்கு மரியாதை செய்வதுபோல, கம்பி கோத்து ஒலிபெருக்கியில் இணைத்த ஒரு பேஞ்சோவும் இருந்தது.

முதல் பாட்டிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அதுவரை மூன்றங்குல உயர நாற்காலிகளில் காலை நீட்டி அமர்ந்திருந்த கூட்டம் மூன்றாகப் பிரிந்ததை என் கண்ணெதிரே பார்த்தேன். முன்வரிசைத் தார்ப்பாய்களில் பாதிப்பேர் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மேடை மறைந்ததால் "உட்காருங்கள்" என்ற கூக்குரல் எழுந்தது; "நீங்கள் எழுந்திருங்கள்" என்று பதில் வந்தது. மூன்றாவது வகையினர் பேசவே இல்லை. கைவிளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள்.

சென்னைச் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கிக் கிளம்பும் ரசிகர்களைப் பார்த்துப் பழகியவன் நான். அந்தக் கிளம்பலில் ஒரு கூச்சம் இருக்கும், குனிந்து போவார்கள். இங்கே நான் பார்த்தது வேறு வகை. எங்களுக்கு இடப்பக்கம் இருந்த ஒரு தம்பதி, எழுந்து நின்று, தங்கள் நீலத் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒட்டியிருந்த புல்லைப் பெரிய வீச்சாக இரண்டு முறை உதறி, மடிப்புக் கலையாமல் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, மேடைக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போனார்கள். போர்க்களத்தில் கொடியை இறக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது அது. தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டும் அவர்கள் போயிருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சுருட்டியது, தாங்கள் போவது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

வயதுதான் கோடு கிழிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது நடக்கவில்லை. எங்கள் பெரியவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இடுப்பை லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர், ஃபிடில் பெட்டியைத் தோளில் மாட்டியவர், இது அவமானம் என்று யாரிடமோ பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வெளியேறினார். முன்னால் அமர்ந்திருந்த அறுபது வயதுப் பெண்மணி மட்டும் காலையிலிருந்து பின்னிக்கொண்டிருந்த கம்பளித் தொப்பியை விளக்கொளியில் தொடர்ந்து பின்னிக்கொண்டிருந்தார். இந்த இசை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். தாம் மலைக்காக வருவதாகவும் மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்றும் சொன்னார்.

எனக்கு வியப்பளித்தவர் நண்பர்தான். டிரம்ஸைக் கண்ட மாத்திரத்தில் எழுவேன் என்றவர், முதல் மூன்று பாட்டுகளையும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கேட்டார். நான்காவது பாட்டில் பேஞ்சோவின் சரளமான ஓட்டம் ஒன்று வந்தது. அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கணம், பேஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, கூட்டத்தையும் தட்டச் சொன்னார். பேஞ்சோ தொடர்ந்து ஒலித்தது.

நண்பர் எழுந்தார். நாற்காலியை மடித்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இரவு கூடாரத்தில் அவரிடம், நேற்றைய செல்லோப் பெண்ணும் பதிவைத்தானே ஓடவிட்டார் என்று கேட்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு வரியையும் நம் கண்முன் வாசித்து அடுக்கினார், இவர்கள் வீட்டிலேயே வாசித்து முடித்துக்கொண்டு வந்தார்கள் என்றார். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆனால் அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. வெளியே வெப்பம் ஐந்து டிகிரிக்கு இறங்கியிருக்கும். இரண்டு கம்பளிகளுக்குள்ளும் நடுங்கிக்கொண்டே தூங்கினேன்.

சனிக்கிழமை

காலை வரிசையில் எங்களுக்கு நாலைந்து பேர் முன்னால் அந்த நீலத் தார்ப்பாய்த் தம்பதி நின்றிருந்தார்கள். ஒரே இரவில் கோபம் ஆறிவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆறவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் கணவர். யார் யார் பாடப் போகிறார்கள் என்ற பட்டியலைப் பார்க்காமலேயே ஒவ்வோர் ஆண்டும் நுழைவுச்சீட்டு வாங்குவதாகவும், பட்டியல் வரும்வரை காத்திருந்தால் சீட்டுக் கிடைப்பதில்லை என்பதால் பெயரை நம்பித்தான் பணம் கட்டுவதாகவும், அந்தப் பெயரில் புளூகிராஸ் என்ற சொல் இருக்கிறதே என்றும் அவர் அடுக்கியபோது, அந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

காபிக் கோப்பையோடு நின்றிருந்த இன்னொருவர், சான் பிரான்சிஸ்கோவில் செய்ததுபோல் பெயரை மாற்றிவிடலாமே என்றார். அங்கே வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் தம் சொந்தச் செலவில் கோல்டன் கேட் பூங்காவில் 2001 முதல் இலவசமாக நடத்திய விழாவுக்கு முதலில் 'ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ்' என்று, அதாவது புளூகிராஸ் தவிர வேறில்லை என்ற பொருளில், பெயர் வைத்திருந்தார்கள். பிற இசைக்காரர்களும் வரத் தொடங்கியதும் 2004-இல் முன்னால் 'ஹார்ட்லி' என்ற சொல்லைச் சேர்த்துப் பொருளையே தலைகீழாக்கிவிட்டார்கள். அதன்பின் ராப் பாடகர் எம்.சி. ஹேமர் வந்து பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆடியபோதுகூட யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. டெல்லுரைடோ பெயரை வைத்துக்கொண்டே 2009-இல் டேவிட் பைர்ன், 2011-இல் ராபர்ட் பிளான்ட் என்ற ராக் பாடகர்களை மேடையேற்றியது. அந்த இரண்டு ஆண்டுகளும் தமக்குப் பிடித்திருந்தன என்று நீலத் தார்ப்பாய்க்காரரே ஒப்புக்கொண்டார். பைர்ன் வந்தபோது எழுந்து போகவில்லையா என்று கேட்டேன். "அவர் வேறு" என்றார்.

மாலையில் சாம் புஷ் மேடையேறினார். 1975-இல் நியூ கிராஸ் ரிவைவல் குழுவோடு முதன்முதலாக இங்கு வந்தவர். அதன்பின் விழா நடந்த எந்த ஆண்டையும் அவர் தவறவிட்டதில்லை. இங்கே அவரை ராஜா என்றே அழைக்கிறார்கள். அவர் மாண்டலினை எடுத்ததும் நேற்று ஆடியவர்கள், எழுந்து போனவர்கள், பின்னலைக் கீழே வைக்காதவர் என்று எல்லாரும் ஒரே குரலாக ஆர்ப்பரித்தார்கள். பெரியவர் என் காதருகே குனிந்து பேசத் தொடங்கினார். 1970-களின் தொடக்கத்தில், தம் ஊர்ப்பக்கம் நடந்த ஒரு விழாவில், இதே சாம் புஷ் தோள்வரை புரண்ட முடியோடு ராக் பாட்டுகளைப் புளூகிராஸ் கருவிகளில் நீட்டி நீட்டி வாசித்தபோது, தம் சித்தப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாராம். "சித்தப்பா உயிரோடு இருந்தால் இன்றைக்கு முதல் வரிசையில் இருந்திருப்பார்" என்றார்.

அவர் மேலும் சொன்னார். புளூகிராஸ் பாடகர் ஜிம்மி மார்ட்டின் தம் குழுவில் ஸ்னேர் டிரம் வைத்துக்கொண்டார். ஆஸ்போர்ன் சகோதரர்கள் கருவிகளை மின்சாரத்தில் இணைத்து வசை வாங்கினார்கள். எர்ல் ஸ்க்ரக்ஸே 1969-இல் தம் நெடுநாள் கூட்டாளி லெஸ்டர் ஃபிளாட்டைப் பிரிந்தபின் தம் மகன்களோடு மின்கருவிகளுக்கு இடம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலவரான மன்ரோவின் குழுவிலேயே 1940-களில் சாலி ஆன் ஃபாரஸ்டர் என்ற பெண் அக்கார்டியன் வாசித்திருக்கிறார். மன்ரோ 1946-இல் வால்ட்ஸ் என்னும் மூன்றெண்ணிக்கை நடையில் பதிவுசெய்த ஒரு பாட்டை 1954-இல் எல்விஸ் பிரஸ்லி வேகமாக்கிப் பாடியதும், மன்ரோ அதே ஆண்டில் அதை மறுபதிவு செய்து, பாதியில் தாமும் வேகநடைக்குத் தாவினார். பேஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. இளம் மன்ரோவுக்கு இசையின் போக்கைக் காட்டியவர்களுள் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் ஒருவர்.

இவை அனைத்தும் உண்மை. இருந்தாலும், 'எல்லா மரபும் ஒரு காலத்தில் புதுமைதான்' என்ற இந்த வாதம் எனக்குக் கொஞ்சம் மலிவாகவே படுகிறது. சித்தப்பா ஒருமுறை தவறாகக் கணித்தார் என்பதால் நேற்று எழுந்து போனவர்களும் தவறு என்று ஆகிவிடாது. மேடையேறிய எத்தனையோ புதுமைகள் தடம் தெரியாமல் போயிருக்கின்றன, அவற்றை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. 1990-இல் இங்கு நடந்த குழுப்போட்டியில் வென்ற டிக்ஸி சிக்ஸ் குழுவின் கதை எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. நால்வராகத் தொடங்கிய அந்தப் பெண்கள் குழு சில ஆண்டுகளில் நவீன கன்ட்ரி இசையை நோக்கி நகர்ந்தபோது, ராபின் லின் மேசி என்பவர் தூய புளூகிராஸிலேயே இருக்க விரும்பி விலகினார். குழு பின்னாளில் பெரும்புகழ் அடைந்தது. அதனால் மேசி விலகியது பிழை என்று யாரால் சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை

இன்று மேடையைவிட முகாமில்தான் அதிக நேரம் கழிந்தது. இங்கு வருபவர்களுள் கணிசமானோர் கருவியோடு வருகிறார்கள். மரத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று, ஒருவர் சுருதியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, தலையசைப்பு கிடைத்தவர் தனியே ஒரு சுற்று வாசித்து அடுத்தவருக்குக் கைமாற்றுவார். மேடையில் மாலையில் கேட்ட மெட்டு நள்ளிரவில் இந்த வட்டத்துக்கு வந்துவிடும்.

ஒரு வட்டத்தில் நண்பரும் நின்றிருந்தார். வியாழக்கிழமை செல்லோப் பெண் பாடிய பாட்டை ஒருவர் எடுத்தார். செல்லோ வரியை ஃபிடில் பிடித்துக்கொண்டது, பேஞ்சோ அதன் இடைவெளிகளில் புகுந்து ஓடியது, பத்து நிமிடம் போனதே தெரியவில்லை. பிறகு கிடார் வைத்திருந்த ஒரு பெண், வெள்ளி இரவின் நான்காவது பாட்டைத் தொடங்கினார். மூன்றே கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள். பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுபடி சுற்றி வந்தார்கள். தனியாக வாசிக்கத் தலையசைப்புப் பெற்ற மாண்டலின்காரர் நான்கு சுரங்கள் வாசித்துவிட்டு, செல்ல இடமில்லாமல் தோளைக் குலுக்கினார். அந்தப் பாட்டின் உயிர் ஒலி ஏறி ஏறி வந்ததிலும், அதிர்விலும், விளக்குகளிலும் இருந்திருக்கிறது. கையில் எடுத்துவர அதில் ஒன்றும் இல்லை. நண்பர் ஏளனமாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். மாறாக, பேஞ்சோவின் அந்த ஓட்டத்தை மட்டும் தனியே வாசித்துப் பார்த்தார், இரண்டு முறை, கவனமாக.

வெள்ளியன்று சுருட்டப்பட்ட தார்ப்பாய்களின் பொருள் அங்கே நிற்கையில்தான் எனக்குப் பிடிபட்டது. மற்ற விழாக்களில் கேட்பவர் வேறு, வாசிப்பவர் வேறு. இங்கே கேட்பவர் தம்மைப் பாதி வாசிப்பவராக எண்ணிக்கொண்டு வருகிறார். மேடையில் நடப்பதைத் தம் விரல்களால் தொடர முடிகிறவரை அது என்ன கருவி என்பதுகூட அவருக்குப் பெரிய பொருட்டன்று. விரல்களுக்கு வேலை இல்லாத ஒன்று வரும்போது, தம் வீட்டிலேயே தம்மை விருந்தாளியாக உட்காரவைத்ததுபோல் உணர்கிறார். ஆடியவர்களுக்கு அந்தத் துன்பம் இல்லை. அவர்களிடம் கால்கள் இருந்தன. பெரியவரிடம் கேட்டேன், உங்களுக்கு ஏன் பிடித்தது என்று. தமக்கு விரல் மூட்டுகளில் வாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, கிடாரைத் தொடுவதில்லை என்றார்.

இரவு நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாக இருந்தன. மழை பெய்தது, யாரும் நகரவில்லை.

திங்கட்கிழமை

தார்ப்பாய்கள் கிடந்த இடங்களில் புல் வெளிறிச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கூடாரத்தைப் பிரித்து ஏற்றி, பத்து மணிக்குக் கிளம்பினோம். கன்னிசனில் ஒரு பை. அதற்கு முன் மாண்ட்ரோஸில் ஒரு பை.

மோனார்க் கணவாயில் ஏறும்போது நண்பர், அடுத்த ஆண்டும் இப்படி ஏதாவது வந்தால் தயங்காமல் எழுந்து போவேன் என்று மறுபடியும் சொன்னார். "போ, வேண்டாம் என்று யார் சொன்னது" என்றார் தந்தை. "ஆனால் நாற்காலியை விட்டுவிட்டுப் போ. வெள்ளிக்கிழமை அதையும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கால் நீட்ட இடமில்லாமல்தான் நான் எழுந்து ஆடினேன்."